மேப்பிள் மரத்தடியில் ட்ரில்லியம் வளருமா?

கேள்வி: ஒன்ராறியோவில் வசிக்கிறோம். பின்வளவில் ஒரு பெரிய மேப்பிள் மரம் நிற்கிறது, அதன் கீழே புல் பிடிப்பதே இல்லை. காடுகளில் பார்க்கும் வெள்ளை ட்ரில்லியத்தை அங்கே வைக்கலாம் என்று போன மே மாதம் பூவோடு ஒரு செடி வாங்கி நட்டோம். ஜூலை முடிவதற்குள் இலை மஞ்சளாகி, இருந்த இடமே தெரியவில்லை. இந்த வருடம் மூன்று இலை மட்டும் வந்தது, பூ இல்லை. நிழல் போதவில்லையா? பசளை போட வேண்டுமா? தெரிந்தவர் ஒருவர் தன் காணியில் நிறைய நிற்கிறது, பிடுங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: உங்கள் செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று இலை வந்திருக்கிறது என்றால் மண்ணுக்குள் கிழங்கு நன்றாகவே இருக்கிறது. ட்ரில்லியத்தின் அடுத்த வருடப் பூமொட்டு முந்தின வருடமே நிலத்தடியில் உருவாகிவிடும். பூவோடு நின்ற செடியை இடம் மாற்றினால் வேர் கொஞ்சமாவது சேதமாகும். அந்த வருடம் அது மொட்டுக் கட்டும் அளவுக்குச் சத்துச் சேர்த்திருக்காது. ஒரு வருடம், சில சமயம் இரண்டு வருடம் பூக்காமல் இருப்பது வழக்கம்தான்.

ஜூலையில் காணாமல் போனதும் அதன் இயல்பு. ஏப்ரலில் பனி கரைந்ததும் முளைத்து, மே மாதத்தில் பூத்து, கோடையின் பிற்பாதியில் இலை உதிர்த்து உறக்கநிலைக்குப் போய்விடுவதுதான் இந்தச் செடியின் வருடக் கணக்கு. மண் காய்ந்த இடமென்றால் கொஞ்சம் முன்னதாகவே போகும். செத்துவிட்டது என்று நினைத்து அந்த இடத்தைக் கிளறி வேறு ஏதாவது நடுகிறார்கள் பாருங்கள், பல ட்ரில்லியங்கள் உண்மையில் சாவது அப்போதுதான்.

சரி, நிழல் விஷயத்துக்கு வருவோம். ட்ரில்லியம் நிழல் செடி என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது பாதிதான் சரி. அது வளர்வது இலையுதிர் மரக் காட்டில். ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் அந்தக் காட்டின் தரையில் வெயில் தாராளமாக விழும், மரங்களில் இலை இருக்காது. அந்தச் சில வாரங்களில்தான் ட்ரில்லியம் தன் வருடச் சாப்பாட்டில் பெரும்பங்கைச் சமைத்துக் கிழங்கில் சேர்க்கிறது. மரம் இலை விட்டுக் கூரை மூடிய பிறகு நிழல் வேண்டும், மண் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஆகவே அதற்குத் தேவை வசந்தத்தில் வெயிலும் கோடையில் நிழலும். வருடம் முழுக்க இருட்டாக இருக்கும் ஸ்ப்ரூஸ், சீடர் மரங்களின் அடியும், வீட்டின் வடக்குச் சுவரோரமும் இதற்குச் சரிப்படாது. செடி உயிரோடு இருக்கும், ஆனால் வருடா வருடம் இளைத்துக்கொண்டே போகும்.

அந்தக் கணக்கில் மேப்பிளின் அடி நல்ல இடம்தான். ஆனால் எந்த மேப்பிள் என்று பார்த்துவிடுங்கள். ஒரு இலையைக் காம்போடு பறித்துக் காம்பை ஒடியுங்கள். பால் வடிந்தால் அது நோர்வே மேப்பிள், ஐரோப்பாவிலிருந்து வந்தது, இங்கே நகரத் தெருக்களில் ஏராளமாக நட்டிருக்கிறார்கள். தெளிந்த நீர் போல வந்தால் பெரும்பாலும் சுகர் மேப்பிளோ வேறு உள்ளூர் மேப்பிளோ. சுகர் மேப்பிளும் ட்ரில்லியமும் காட்டிலேயே கூட்டாளிகள். நோர்வே மேப்பிளின் நிழல் மிக அடர்த்தியானது, அதன் வேர்கள் மேல்மண்ணிலேயே வலை போலப் பின்னி ஈரத்தை உறிஞ்சிவிடும். உங்கள் புல் பிடிக்காததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். நோர்வே மேப்பிள்தான் என்றால் தண்டுக்குப் பக்கத்தில் முயல வேண்டாம், கிளைகள் முடியும் ஓரத்துக்கு வாருங்கள். அங்கே காலை வெயில் கொஞ்சம் சாய்ந்து விழுந்தாலும் பரவாயில்லை.

பசளையைப் பற்றி ஒரே வரி: வேண்டாம். புல்லுக்குப் போடும் பசளையும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செடி கேட்பது சருகு. இலையுதிர்காலத்தில் மேப்பிள் கொட்டும் இலையை நாம் வாரிப் பையில் கட்டித் தெருவோரம் வைக்கிறோம், பிறகு கடையில் போய்ப் பை மண் வாங்குகிறோம். அந்த இலையை அங்கேயே விட்டுவிடுங்கள். முழு இலை கனமாக ஒட்டிக்கொண்டு மூடும் என்று தோன்றினால் புல்வெட்டும் இயந்திரத்தை ஒரு தடவை மேலே ஓட்டி நறுக்கி, ஐந்து சென்டிமீற்றர் அளவுக்குப் பரப்பினால் போதும். இரண்டு மூன்று வருடத்தில் மேல்மண் கறுத்துப் பொலபொலவென்று ஆகும். அப்புறம் ட்ரில்லியம் தானாகவே தேறும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, நம் ஆட்கள் நம்பச் சிரமப்படுவார்கள்: மண்புழு. ஊரில் மண்புழு விவசாயியின் நண்பன் என்று படித்து வளர்ந்தோம். ஒன்ராறியோவின் காடுகள் பனியுகத்தில் பனிப்பாறைக்குக் கீழே கிடந்தவை. பனி விலகிய பின் இங்கே வளர்ந்த காடு மண்புழு இல்லாமலே உருவானது. இன்று காணும் புழுக்கள் பெரும்பாலும் குடியேறிகளோடு ஐரோப்பாவிலிருந்து வந்தவை. அவை சருகுப் படலத்தை வேகமாகத் தின்று தீர்த்துவிடுகின்றன, அந்தப் படலத்தை நம்பியிருக்கும் காட்டுப்பூக்கள் திண்டாடுகின்றன. அண்மைக்காலமாக ஆசியாவைச் சேர்ந்த துள்ளும் மண்புழு வேறு பரவுகிறது. தொட்டால் பாம்புக்குட்டி போலத் துடித்து நெளியும், அது இருக்கும் மேல்மண் காப்பித்தூள் போல உதிரியாகிவிடும். வளவில் ஏற்கெனவே இருக்கும் புழுக்களை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. புதிதாகக் கொண்டு வராமல் இருக்கலாம். யாராவது தொட்டிச் செடி தந்தால் மண்ணை உதறிப் பாருங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத மக்கு, தூண்டில் போட்டு மிஞ்சிய புழு, இவற்றை அந்தப் பக்கம் கொட்ட வேண்டாம்.

இனி அந்தத் தெரிந்தவரின் காணி. அவருடைய சொந்தக் காணி, அவர் சம்மதத்தோடுதான் என்பதால் அதில் திருட்டு ஒன்றும் இல்லை. மாகாணப் பூங்காக்களிலும் பாதுகாப்புப் பகுதிகளிலும் பூவைப் பறிப்பதற்கே தடை உண்டு, செடியைத் தோண்டுவதைச் சொல்லவே வேண்டாம். இருந்தாலும் இந்தச் செடியை வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. காட்டில் பூத்து நிற்கும் ட்ரில்லியம் சின்னச் செடி போலத் தெரிந்தாலும் வயது அதிகம். விதையிலிருந்து முதல் பூ வருவதற்கே ஏழு முதல் பத்து வருடம் ஆகலாம். பிடுங்கும்போது வேர் அறுந்து, போகிற இடத்தில் மண்ணும் ஒத்துவராமல், பலவும் மெதுவாக இளைத்துப் போய்விடுகின்றன. அந்தக் காணியில் வீடு கட்டப் போகிறார்கள், மண்வாரி வரப்போகிறது என்றால் கதை வேறு. அப்போது இலை மஞ்சளாகத் தொடங்கும் நேரம் பார்த்து, சுற்றிலும் ஒரு சாண் மண்ணோடு கட்டியாகத் தோண்டி எடுத்து, அன்றைக்கே நட்டுவிடுங்கள்.

கடையில் வாங்குவதென்றாலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இது உங்கள் பண்ணையில் விதையிலிருந்தோ கிழங்கைப் பிரித்தோ உண்டாக்கியதா?" பண்ணையில் வளர்த்தது என்று மட்டும் சொன்னால் போதாது. காட்டில் தோண்டி எடுத்துத் தொட்டியில் ஒரு வருடம் வைத்திருந்தாலும் அதையே சொல்லலாம். இத்தனை வருடம் வளர்க்க வேண்டிய செடி மலிவாக விற்கிறது என்றால் எங்கிருந்து வந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்ரிக் பையில் காய்ந்த பீற் தூளுக்குள் வைத்து விற்கும் கிழங்குகளையும் தவிர்த்துவிடுங்கள், பலவும் வீடு வருமுன்னரே வறண்டு செத்திருக்கும். உள்ளூர்க் காட்டுச்செடிகளை மட்டும் வளர்க்கும் சிறு பண்ணைகள் இருக்கின்றன, அங்கே விலை கூடத்தான் இருக்கும்.

இன்னொன்று, இதழில் பச்சைக் கோடு ஓடிய ட்ரில்லியத்தைப் பார்த்து அபூர்வ வகை என்று மயங்காதீர்கள். அது பைற்றோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வரும் நோய். போகப் போகப் பூ உருக்குலையும், விதை பிடிக்காது. உங்கள் மற்றச் செடிகளோடு அதைச் சேர்க்க வேண்டாம். வெள்ளைப் பூ வயதாகும்போது இளஞ்சிவப்பாக மாறுவது மட்டும் நோயல்ல, அது அப்படித்தான்.

புதிதாக நடுவதற்குச் செப்டம்பர், ஒக்டோபர் நல்ல மாதங்கள். மேப்பிளின் பெரிய வேர்களை வெட்டாமல் அவற்றுக்கு இடையே கைமண்வெட்டியால் சின்னச் சின்னக் குழிகளாகத் தோண்டுங்கள். மரத்தடி முழுவதும் மண்ணைக் கொட்டி மேடாக்கி அதில் நடுவது மரத்துக்குக் கேடு, வேர் மூச்சு விட முடியாது. கிழங்கின் முளை மேலே பார்த்திருக்க, ஐந்து முதல் பத்து சென்டிமீற்றர் ஆழத்தில் வைத்து, குழி மண்ணோடு மக்கிய இலையைக் கலந்து மூடுங்கள். ஒன்றுக்கொன்று ஒரு அடி இடைவெளி போதும். அணில் கிளறும் வளவென்றால் முதல் பனிக்காலம் வரை கம்பிவலைத் துண்டு ஒன்றை மேலே போட்டு வையுங்கள். மான் வரும் இடமாக இருந்தால் வலையால் ஒன்றும் ஆகாது, வேலி வேண்டும். மானுக்கு ட்ரில்லியம் மிகப் பிடித்தமான தீனி.

முதல் இரண்டு வருடம் தண்ணீரில் கவனம் வேண்டும். வெளியே ஒன்றும் தெரியாத ஓகஸ்டிலும் மழை இல்லாவிட்டால் வாரம் ஒருமுறை ஆழமாக நனையுங்கள். மேப்பிள் குடித்த மிச்சம்தான் ட்ரில்லியத்துக்குக் கிடைக்கும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

பூவைப் பறிக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். இதைப் பறித்தால் சட்டப்படி குற்றம் என்று ஒன்ராறியோவில் பலர் நம்புகிறார்கள். 1937 முதல் இது மாகாணத்தின் பூ என்பதால் வந்த நம்பிக்கையாக இருக்கலாம், உங்கள் சொந்த வளவுக்கு அப்படி ஒரு தடை கிடையாது. பிரச்சினை வேறு. பூவைப் பறிக்கும்போது பெரும்பாலும் அதன் கீழே இருக்கும் மூன்று இலைகளும் சேர்ந்தே வந்துவிடும். அந்தத் தண்டில் இருப்பதே அந்த மூன்று இலைதான், போனால் அந்த வருடம் வேறு இலை விடாது. இரண்டு மூன்று வருடம் இப்படி நடந்தால் கிழங்கு தாங்காது.

ஜூலைக்குப் பிறகு அந்த இடம் வெறுமையாகக் கிடக்கக் கூடாது என்றால் பக்கத்தில் கிறிஸ்மஸ் பன்னம், நுரைப்பூச்செடி போன்ற உள்ளூர்ச் செடிகளை வையுங்கள். காட்டு இஞ்சியும் நன்றாகப் படரும், ஆனால் பெயரைப் பார்த்து யாரும் சமையலுக்கு எடுத்துவிட வேண்டாம். நம் இஞ்சிக்கும் அதற்கும் உறவே இல்லை, சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்ரோலோக்கிக் அமிலம் அதில் இருக்கிறது. வின்கா, பள்ளத்தாக்கு லில்லி போன்றவை ஏற்கெனவே அங்கே படர்ந்திருந்தால் முதலில் அவற்றை எடுத்துவிடுங்கள். ட்ரில்லியம் அவற்றோடு போட்டி போட்டு வெல்லாது.

செடி பூக்கத் தொடங்கியதும் விதை கட்டினால் விட்டுவிடுங்கள். கோடையில் காய் மென்மையாகி வெடிக்கும். ஒவ்வொரு விதையிலும் வெண்மையாக ஒரு கொழுப்புத் துண்டு ஒட்டியிருக்கும். எறும்புகள் அதற்காகவே விதையைப் புற்றுக்கு இழுத்துப் போய், துண்டைத் தின்றுவிட்டு விதையை அங்கேயே போட்டுவிடும். உங்கள் கையாலும் விதைக்கலாம், ஆனால் காயவிடாமல் எடுத்த அன்றே சருகுக்கு அடியில் போட வேண்டும். முதல் பனிக்காலம் தாண்டி வேர் மட்டும் விடும், இரண்டாவது பனிக்காலம் தாண்டித்தான் ஒற்றை இலை வெளியே தெரியும். அது புல் முளை போலச் சின்னதாக இருக்கும் என்பதால் விதைத்த இடத்தில் ஒரு குச்சியை ஊன்றி வையுங்கள், இல்லாவிட்டால் களை என்று நீங்களே பிடுங்கிவிடுவீர்கள்.