சுவிட்சர்லாந்தின் மெட்டல் இசைக்குழு செல்டிக் ஃப்ராஸ்ட் இவ்வளவு கொண்டாடப்பட்டும் ஏன் நிலைக்கவில்லை?

ஒரே இடத்தில் நிற்க அவர்களுக்குத் தெரியாது என்பதுதான் என் பதில்.

சூரிச் பக்கம் ஹெல்ஹாமர் என்ற பெயரில் ஆரம்பித்தார்கள். வாசிக்கவே தெரியவில்லை என்று பத்திரிகைகள் கழுவி ஊற்றின. 1984-இல் அதைக் கலைத்துவிட்டு, டாம் வாரியரும் மார்ட்டின் எயினும் செல்டிக் ஃப்ராஸ்ட்டைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே 'டு மெகா தெரியன்' ஆல்பம். அட்டையில் ஹெச். ஆர். கீகரின் ஓவியம்: சிலுவையில் இருக்கும் கிறிஸ்துவையே கவண்கட்டையாகப் பிடித்திருக்கும் சாத்தான். உள்ளே, மெதுவாக நசுக்கும் கிதாருக்கு மேல் ஃப்ரெஞ்சு ஹார்ன் முழங்கும். இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

1987-இல் வந்த 'இன்டு தி பாண்டமோனியம்' இன்னும் துணிச்சல். வயலின்கள், பிரெஞ்சில் பெண் குரல், டிரம் மெஷின் எல்லாம் உண்டு. இசை நிறுவனத்தோடு சண்டை முற்றி, குழு உடைந்தது. அப்புறம் டாம் வேறு ஆட்களோடு 'கோல்ட் லேக்' போட்டார், பளபளப்பும் ஒப்பனையுமான கிளாம் பாணி. ரசிகர்கள் மன்னிக்கவில்லை, அவரே பின்னாளில் அதைக் கைகழுவினார்.

1993-இல் கலைந்து, மீண்டும் சேர்ந்து, 2006-இல் 'மோனோதீஸ்ட்' தந்தார்கள். கேட்டால் நெஞ்சில் பாறாங்கல் வைத்த மாதிரி இருக்கும். இரண்டே ஆண்டில் மறுபடி பிரிவு. டாம் ட்ரிப்டிகான் என்ற புதுக் குழுவைத் தொடங்கினார். மார்ட்டின் 2017-இல் மாரடைப்பில் இறந்தார்.