கால்நடை மருத்துவர் பதில்கள்: முதலில் தண்ணீர், அப்புறம் ஆஸ்பத்திரி

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெயிலைப் பற்றியே இருந்தன. அதனால் தோல் அரிப்பு, தடுப்பூசிக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன். முதல் கடிதத்துக்கான பதில் நீளமானது. பொறுமையாகப் படியுங்கள், மற்றவற்றில் பாதி அதிலேயே விளங்கிவிடும்.

*

எங்கள் லாப்ரடாருக்கு ஆறு வயது. சாயங்காலம், வெயில் தாழ்ந்த பிறகுதான் மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். அரை மணி நேரம் பந்து எறிந்து விளையாடினோம். திடீரென்று கால்கள் பின்னி, எச்சில் நூலாக ஒழுக, அப்படியே படுத்துவிட்டான். ஈரத் துண்டைப் போர்த்தி வீட்டுக்குத் தூக்கி வந்தோம். உடம்பு கொதித்ததால் என் மாமியார் பாதி காய்ச்சல் மாத்திரை கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டான். வெயிலே இல்லாதபோது இது எப்படி வந்தது? இனி பயமில்லையா?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் சொன்னதைத்தான் மற்றவர்களுக்காக இங்கே மறுபடி எழுதுகிறேன். எழுந்து நடந்துவிட்டான் என்பதற்காக விட்டுவிடக் கூடாது. உடம்பு அவ்வளவு சூடேறினால் சிறுநீரகம், கல்லீரல், குடல், ரத்தம் உறையும் தன்மை எல்லாமே பாதிக்கப்படலாம். அது வெளியே தெரிய ஒரு நாள், சில சமயம் மூன்று நாள் ஆகும். கறுப்பாக அல்லது ரத்தத்தோடு மலம் போவது, ஈறிலும் வயிற்றுத் தோலிலும் சிவப்புப் புள்ளிகள், சிறுநீர் குறைவது, வாந்தி இதெல்லாம் பின்னால் வரும். அதனால் நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

இனி, வெயில் இல்லாமல் எப்படி வந்தது என்பது. நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கிறது. நாய்க்கு உள்ளங்காலில் மட்டும்தான் வியர்க்கும், அதனால் பெரிய பயனும் இல்லை. நாக்கு, வாய், மூக்கின் உட்புறம் ஆகிய ஈரமான இடங்களின் மேல் வேகமாகக் காற்றை ஓட விடுகிறது. அந்த ஈரம் ஆவியாகும்போது சூடும் கூடவே வெளியேறுகிறது. நாய் இளைப்பது இதற்காகத்தான். அவ்வளவு பெரிய உடம்பின் சூடு இந்தச் சின்ன வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். காற்றில் புழுக்கம் இருந்தால் ஈரம் ஆவியாகாது, வாசல் அடைபட்டுவிடும். சாயங்காலம் வெயில் தாழும், புழுக்கம் தாழ்வதில்லை. அதோடு ஓடும்போது தசைகளே சூட்டை உண்டாக்குகின்றன. பந்து என்றால் உயிரை விடும் லாப்ரடார் தானாக நிறுத்திக்கொள்ளாது. நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

பிரிட்டனில் 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், சூட்டினால் பாதிக்கப்பட்டு மருத்துவரிடம் வந்த நாய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஓடியாடியதால் பாதிக்கப்பட்டவை. மூடிய காருக்குள் விடப்பட்டவை அதைவிட மிகக் குறைவு. நான் பார்த்த வரையிலும் அப்படித்தான். அதிலும் கோடை தொடங்கும் முதல் சில வாரங்கள் மோசமானவை, உடம்பு இன்னும் சூட்டுக்குப் பழகியிருக்காது.

அடுத்து, ஈரத் துண்டு. இதை எழுதும்போது எனக்கு இப்போதும் மனசு கனக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், என் சொந்த நாய் செம்பன், பாக்ஸர் இனம், பகலில் தோட்டத்தில் ஓடிவிட்டு வந்து விழுந்தான். அன்று எங்களுக்கு அப்படித்தான் தெரியும் என்பதால், பெரிய துண்டை நனைத்துக் கழுத்திலிருந்து வால்வரை சுற்றி, காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். நாற்பது நிமிஷம் ஆனது. இறக்கித் துண்டை விலக்கியபோது அது வெந்நீரில் முக்கி எடுத்தது போல இருந்தது. சூட்டை வெளியே விடாமல் அதுவே போர்வையாக மூடியிருந்தது. அன்று இரவே செம்பன் போய்விட்டான். வீட்டு வாசலில் குழாய் இருந்தது, ரப்பர் டியூப் இருந்தது. முதல் பத்து நிமிஷம் அங்கேயே தண்ணீர் விட்டிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது.

ஆகவே முதலில் தண்ணீர், அப்புறம் ஆஸ்பத்திரி. நிழலுக்குக் கொண்டுவந்து, கழுத்து, மார்பு, வயிறு, தொடை இடுக்கு, பாதங்கள் என உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். முடிக்கு அடியில் தோல் வரை நனைய வேண்டும். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போகாமல் தலையை மட்டும் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். குழாய்த் தண்ணீர் போதும். குளிர்ந்த தண்ணீர் ஆகாது என்று பயந்து வெதுவெதுப்பான தண்ணீர் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், நாயின் உடம்பைவிடக் குளிர்ச்சியாக எது கையில் கிடைக்கிறதோ அது. வயதான நாய், நோய்ப்பட்ட நாய் என்றால் மட்டும் ஐஸ் தண்ணீரைத் தவிர்த்துச் சாதாரணத் தண்ணீர் ஊற்றலாம். கூடவே மின்விசிறியைத் திருப்பி வையுங்கள். உலர்ந்த முடிமேல் விசிறிக்காற்று பட்டு அதிகப் பயனில்லை, நனைந்த உடம்பில் படும்போதுதான் அது சூட்டை இழுக்கும். குடிக்கத் தண்ணீரை முன்னால் வைக்கலாம், வாயைத் திறந்து ஊற்றக் கூடாது. ஒருவர் தண்ணீர் ஊற்றும்போதே இன்னொருவர் மருத்துவரைக் கூப்பிடட்டும். கொண்டுபோகும்போது ஏசி ஓடட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும், உடம்பு நனைந்தபடியே இருக்கட்டும்.

நாயின் இயல்பான சூடு 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. 41-ஐத் தாண்டினால் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். வீட்டில் தெர்மாமீட்டர் இருந்தால் ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 39.5-க்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் குளிர்வித்தால் சூடு மளமளவென்று இறங்கிவிடும்.

மாத்திரை விஷயத்தில் உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். உடம்பு கொதித்தால் காய்ச்சல் மாத்திரை என்பதுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் காய்ச்சலில் மூளைதான் சூட்டை ஏற்றி வைக்கிறது, மாத்திரை மூளையிடம் பேசி அதை இறக்குகிறது. இங்கே மூளை ஏற்றவில்லை, வெளியே போக வழியில்லாமல் சூடு தேங்கி நிற்கிறது. மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை. அதோடு பாராசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும். பூனைக்கோ ஒரே ஒரு மாத்திரைகூட எமன். இப்யூபுரூஃபனும் வேண்டாம்.

*

பொமரேனியன் நாய்க்கு வெயில் காலத்தில் முடியை ஒட்ட மழித்துவிடலாமா? பார்க்கவே பாவமாக இருக்கிறது.

மழிக்க வேண்டாம். பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்ட், ஹஸ்கி போன்றவற்றுக்கு இரண்டு அடுக்கு முடி. மேல் அடுக்கு வெயில் நேரே தோலில் படாமல் காக்கிறது. மழித்தால் தோல் வெந்துபோகும், சில நாய்களுக்கு முடி பழையபடி வளர்வதே இல்லை. உள் அடுக்கில் உதிர்ந்து அடைந்து கிடக்கும் பஞ்சு முடியைத் தினமும் சீவி எடுங்கள், காற்று உள்ளே புகும். வயிற்றுப் பக்கம் கொஞ்சம் கத்தரிப்பதில் தவறில்லை.

பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய் வைத்திருப்பவர்கள் முடியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், மூச்சைப் பற்றிக் கவலைப்படுங்கள். மேலே சொன்ன அந்த வாசல் இவற்றுக்குப் பிறவியிலேயே குறுகலானது. வெயில் நாளில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இவை விழுந்துவிடக்கூடும்.

*

ஐந்து நிமிஷ வேலைக்குக் கடைக்குள் போகும்போது நாயைக் காரிலேயே விட்டுப் போகிறேன். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் போதும்தானே?

போதாது. ஜன்னலை இரண்டு விரல் இறக்கி வைத்தாலும் மூடி வைத்தாலும் உள்ளே சூடு ஏறும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். வெளியே 22 டிகிரி இருக்கும் இதமான நாளில்கூட, வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 40-ஐத் தாண்டிவிடும். அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே வந்துவிடுகிறது. கடையில் வரிசை நீண்டுவிட்டால் உங்கள் ஐந்து நிமிஷம் இருபதாகும். நாயை வீட்டிலேயே விட்டுப் போங்கள்.

இதே வாசகர் நடைப்பயிற்சி பற்றியும் கேட்டிருந்தார். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் அது நெருப்புதான்.

*

என் பூனை மத்தியானத்தில் வாயைத் திறந்து நாய் போல இளைக்கிறது. சூட்டுக்கு அப்படித்தானா?

இல்லை. பூனை சாதாரணமாக அப்படிச் செய்யாது. சூடானால் குளிர்ந்த தரையில் நீட்டிப் படுக்கும், உடம்பை அதிகம் நக்கும், அந்த எச்சில் காய்ந்து குளிர்ச்சி தரும். வாய் திறந்து இளைத்தால் சூடு தாங்க முடியவில்லை, அல்லது இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு. இன்றே காட்டுங்கள்.

தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி, வீட்டில் மூன்று நான்கு இடங்களில் வையுங்கள், கூடுதலாகக் குடிக்கும். வெள்ளைப் பூனையாக இருந்தால் காது நுனியை அடிக்கடி பாருங்கள். வருஷக்கணக்கில் வெயில் பட்டு அங்கே புற்று வருவதுண்டு. ஆறாத சிறு பொருக்கு தெரிந்தாலும் அலட்சியம் வேண்டாம். நாம் பூசும் சன்ஸ்கிரீனைப் பூசிவிடாதீர்கள், நக்கி விழுங்கிவிடும்.

*

மாடியில் முயல் கூண்டு இருக்கிறது. மேலே கூரை போட்டிருக்கிறோம், நிழல்தான். இருந்தும் போன வருஷம் ஒன்று செத்துப்போனது.

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. முயலுக்கு வியர்க்காது, நாய் போல இளைத்துச் சமாளிக்கவும் தெரியாது. ரத்தம் அந்த நீண்ட காதுகளில் ஓடி ஆறுவதுதான் அதன் வழி. சுற்றியுள்ள காற்றே சூடாக இருந்தால் அதுவும் நடக்காது. 27, 28 டிகிரியிலேயே முயல் திணற ஆரம்பிக்கும். மாடியில் நிழல் இருந்தாலும் தரையும் கூரையும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். கோடை முடியும் வரை கீழே, வீட்டின் குளிர்ந்த அறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வைத்தால் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். காதுகளை ஈரக் கையால் தடவி விடலாம். முழுதாகத் தண்ணீரில் முக்க வேண்டாம், பயத்திலேயே உயிர் போய்விடும்.

பின்புறத்தைத் தினமும் இரு வேளை பாருங்கள். ஈரமும் அழுக்கும் இருந்தால் ஈ முட்டையிடும், ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

*

பட்ஜி பறவைகள் சிறகை விரித்து வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கின்றன.

சூடு அதிகம். கூண்டை ஜன்னல் ஓரத்திலிருந்து உடனே நகர்த்துங்கள். ஒரு தட்டில் ஆழமில்லாமல் தண்ணீர் வைத்தால் குளித்துக்கொள்ளும். ஸ்பிரேயில் மெல்லிய தூறலாக அடிக்கலாம். ஈரப்படுத்திய பறவையின் மேல் நேரே விசிறிக்காற்று படக் கூடாது.

*

நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். என் தொட்டியில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தண்ணீர் தொட்டால் சூடாக இருக்கிறது. ஐஸ் கட்டி போடட்டுமா?

தம்பி, நன்றாகக் கவனித்திருக்கிறாய். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் இருக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். அதனால்தான் மேலே வந்து மூச்சு தேடுகின்றன. காற்றுக் குமிழி மோட்டாரை நிறுத்தாமல் ஓடவிடு. தொட்டியின் விளக்கை அணைத்துவிடு, அதுவும் சூடு தரும். மூடியைத் திறந்து வலை போட்டு, தண்ணீர்ப் பரப்பின் மேல் மின்விசிறிக் காற்று படும்படி வை. ஐஸை நேரே போடாதே. பிளாஸ்டிக் பையில் கட்டி மிதக்க விடு, மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள். தீனியைப் பாதியாகக் குறை. மீன்கள் கீழே இறங்கி நீந்த ஆரம்பித்துவிட்டனவா என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுது.