பவளத் தொட்டியில் காலையில் பி.எச். 7.9, மாலையில் 8.3: இது ஆபத்தா?

பவளம் வளரும் கடல்நீர்த் தொட்டியில், நீரின் அமில-கார அளவான பி.எச். ஒரே நாளில் இப்படி ஏறி இறங்குவது இயல்பானதுதான். வெப்பநிலை 25-லிருந்து 26 டிகிரிக்குப் போய்த் திரும்புவதும் அப்படியே. கடலில் ஆழமற்ற இடங்களில் உள்ள பவளத்திட்டுகள் இதைவிடப் பெரிய மாற்றங்களை அன்றாடம் தாங்குகின்றன.

விளக்கு எரியும்போது பவளத்துக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கைக்காகக் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்கின்றன, பி.எச். ஏறுகிறது. விளக்கு அணைந்ததும் எல்லா உயிர்களும் மூச்சுவிட மட்டுமே செய்வதால் அந்த வாயு நீரில் சேர்ந்து பி.எச். இறங்குகிறது. விடியலில்தான் அது மிகத் தாழ்ந்திருக்கும். ஆகவே அளவை தினமும் ஒரே நேரத்தில் எடுங்கள். காலை அளவையும் மாலை அளவையும் ஒப்பிட்டுக் கலங்குவதில் பொருளில்லை.

காலை அளவு 7.8-க்கும் கீழே போனால் முதலில் அறைக் காற்றைச் சந்தேகியுங்கள். ஒரு குவளைத் தொட்டி நீரைத் திறந்தவெளியில் வைத்து, காற்றுக்கல்லால் (காற்றைச் சிறு குமிழிகளாக விடும் நுண்துளைக் கல்) ஒரு மணி நேரம் குமிழிவிட்டு அளந்து பாருங்கள். பி.எச். ஏறினால், மூடிய அறையில் தேங்கிய கார்பன் டை ஆக்சைடு காரணமாக இருக்கலாம். ஸ்கிம்மரின் (நுரையெழுப்பிக் கழிவை அகற்றும் கருவி) காற்றுக்குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டுங்கள். அல்லது சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டி) பாசி வளர்த்து அதற்கு இரவில் விளக்கெரியுங்கள். பி.எச்.-ஐ உயர்த்தும் பஃபர் பொடியைக் கொட்டுவது எனக்குப் பிடிக்காத வழி: காரத்தன்மை, அதாவது அமிலத்தைச் சமன்செய்யும் திறன், எகிறும், பி.எச். மறுநாளே பழைய இடத்துக்கு வந்துவிடும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வெப்பம். 29, 30 டிகிரியில் நாள்கணக்கில் நின்றால் பவளம் வெளிறத் தொடங்கலாம். சூடான நீரில் ஆக்சிஜனும் குறைவு. நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி வைத்தால் இரண்டு டிகிரிவரை குறையும். ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீரை மட்டும் ஊற்றுங்கள், உப்புநீரை அல்ல.