பதினான்கு நாள் நின்ற பிக்கப்பும் சதுர டயரும்

கேள்வி: அண்ணே, நான் எட்மன்டனில் இருக்கிறேன். வேலை ஃபோர்ட் மக்மரிக்கு வடக்கே, எண்ணெய் மணல் சைட்டில். பதினான்கு நாள் வேலை, ஏழு நாள் வீடு. பஸ் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் திறந்தவெளியில் என் அரை டன் பிக்கப்பை நிறுத்திவிட்டுப் போவேன். ஜனவரியில் மைனஸ் 30-ல் இரண்டு வாரம் நின்ற வண்டியை எடுத்தேன். முதல் தெருவிலேயே சக்கரம் வட்டமாகவே இல்லாத மாதிரி 'தொம் தொம்' என்று குதித்தது. போகப் போகக் குறைந்தது. ஆனால் ஹைவேயில் 95 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் சீட்டுக்கு அடியில் வேறொரு நடுக்கம். வீடு வந்து சேரும்வரை அது போகவில்லை. ஸ்டீயரிங் ஆடவில்லை. டயர் 265/70 ஆர்17, குளிர்கால டயர், வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. நவம்பரில் ரிம்மோடு மாற்றிப் போட்டேன். கடையில் "நாலு டயரும் ஒரு பக்கம் தட்டையாகி ஃப்ளாட் ஆகிவிட்டது, மாற்றிவிடுங்கள்" என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு ஒரு டயரைக்கூட மாற்றாதீர்கள், தம்பி. உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. ஒரு அதிர்வு போகப் போகக் குறைந்தது, இன்னொன்று போகவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இரண்டும் ஒரே நோய் இல்லை. கடைக்காரர் இரண்டையும் ஒரே பில்லில் போடப் பார்க்கிறார்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. இதைப் படித்து முடித்ததும் வீல் நட்டுகளைப் பாருங்கள். நவம்பரில் சக்கரம் மாற்றியிருக்கிறீர்கள். மாற்றிய பிறகு முதல் 100 கிலோமீட்டருக்குள் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை வைத்து ஒருமுறை மறுபடி இறுக்கிப் பார்த்தீர்களா? முக்கால்வாசிப் பேர் பார்ப்பதில்லை. சக்கரம் மாட்டும் ஹப்பில் துரு இருந்தால் ரிம் அதன்மேல் உட்கார்ந்து, நட் இறுகியது போலத் தோன்றும். பிறகு அந்தத் துரு நசுங்கி, நட் தளர்ந்துவிடும். நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தாலோ, நட் உட்காரும் துளையோரம் தேய்ந்து பளபளத்தாலோ வண்டியை ஹைவேக்கு எடுக்கக் கூடாது. எத்தனை இறுக்கம் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும், கைக்கணக்கு வேண்டாம். மற்ற காரணமெல்லாம் எரிச்சலைத்தான் தரும், இது உயிரை எடுக்கும். அதனால்தான் முதலில் சொன்னேன்.

இனி அந்த 'தொம் தொம்'. ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் பக்கத்தில் பழைய ஆட்கள் இதைச் 'சதுர டயர்' என்பார்கள். மைனஸ் 30 காலையில் தெருவில் போகும் எல்லா வண்டியும் கொஞ்சம் நொண்டும். இதற்குப் பெரிய காரணம் நைலான். இன்றைய டயர்களில் உள்ளே இருக்கும் இரும்புக்கம்பிப் பட்டையான ஸ்டீல் பெல்ட்டுக்கு மேலே, தரையைத் தொடும் ட்ரெட் ரப்பருக்குக் கீழே, பலவற்றில் நைலான் நூலால் ஆன ஒரு பட்டை சுற்றியிருக்கும். ஹைவேயில் ஓடும்போது அந்தப் பகுதி சூடாகும். சூட்டில் நைலான் இளகும். அந்தச் சூட்டோடு கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். இரண்டு டன்னுக்கு மேலான எடை நாலு சிறிய தடங்களில் உட்காருகிறது. தரையில் படிந்த பகுதி தட்டையாக இருந்தபடியே குளிர்ந்து, அந்த வடிவத்திலேயே விறைத்துவிடுகிறது. ரப்பரும் அந்தக் குளிரில் கெட்டிப்பட்டு அதற்குத் துணை போகிறது. மறுபடி ஓடிச் சூடேறினால்தான் நூல் இளகி, டயர் வட்டத்துக்குத் திரும்பும். இது புதுக் கதையும் இல்லை. 1950, 60-களில் அமெரிக்காவில் டயரின் உடல் முழுக்க நைலான் நூலில் நெய்தபோது, காலையில் முதல் சில மைல் குதிக்கிறது என்ற இதே புகார்தான் எழுந்தது; கார்களுக்குப் பிறகு பாலியெஸ்டர் நூல் வந்தது. நம் ஊர் லாரிக்காரர்கள் 'நைலான் டயர்' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அதே குடும்பம்தான். இன்றைய வகையான ரேடியல் டயர் வந்தபின் நைலான் உடலை விட்டு மேலே ஏறிக்கொண்டது, டயரை விட்டுப் போகவில்லை.

உங்கள் விஷயத்தில் காற்றும் சேர்ந்து சதி செய்திருக்கிறது. நவம்பரில் கடைக்குள் 20 டிகிரி வெப்பத்தில் 35 பவுண்டு பிடித்திருப்பார்கள். அதே காற்று மைனஸ் 30-ல் 26, 27 பவுண்டுதான் காட்டும். எங்கும் கசியவில்லை; குளிரில் காற்று சுருங்குகிறது, அவ்வளவுதான். ஏறத்தாழ 5.5 டிகிரி குறைந்தால் ஒரு பவுண்டு போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று குறைந்தால் டயர் இன்னும் அகலமாகத் தரையில் படியும், தட்டைப் பகுதியும் பெரிதாகும். டாஷ்போர்டில் டயர் விளக்கு எரிந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. எரிந்திருக்கும், குளிருக்கு எல்லா விளக்கும் எரியும் என்று விட்டிருப்பீர்கள்.

இது தானாகச் சரியாகும் தட்டையா, நிரந்தரத் தட்டையா என்று தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் வேண்டாம், ட்ரிப் மீட்டர் போதும். வண்டியை எடுக்கும்போது பூஜ்யமாக்குங்கள். முதல் சில கிலோமீட்டர் 60-க்குள் போங்கள். 'தொம் தொம்' பாதியாகக் குறைந்த இடத்தையும், மறைந்த இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 15 முதல் 30 கிலோமீட்டருக்குள் மறைந்தால் டயருக்கு ஒன்றுமில்லை. கடுங்குளிரில் காற்று டயரைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதால் இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். ஹைவேயில் 50 கிலோமீட்டர் ஓடி, டயரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தும், 40 வேகத்தில் அதே துள்ளல் கேட்டால்தான் நிரந்தரத் தட்டை என்று சந்தேகப்பட வேண்டும். உங்களுடையது குறைந்துவிட்டது என்கிறீர்கள். ஆகவே இந்தப் பாதி முடிந்தது.

மீதிப் பாதிதான் ருசியானது. 95-க்கு மேல் சீட்டுக்கு அடியில், ஸ்டீயரிங்கில் இல்லை. பொதுவாக முன்சக்கரக் கோளாறு கைக்குத் தெரியும், பின்சக்கரக் கோளாறு இடுப்புக்குத் தெரியும். எனவே பின்னால் தேடுவோம். நட் சரியாக இருந்தால் என் முதல் சந்தேகம் ரிம்முக்குள் உறைந்த பனி.

சிரிக்காதீர்கள். நான் இதில் ஏமாந்தவன். சில வருடங்களுக்கு முன் ஒருவர் இதே புகாரோடு வந்தார். சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமா என்று பேலன்ஸ் பார்த்து, ஈயக்கட்டி வைத்து அனுப்பினேன். மறுவாரம் திரும்பி வந்தார், மறுபடி பார்த்தேன். மூன்றாம் முறை சக்கரத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தால் சக்கரத்துக்குக் கீழே குளம். முதல் இரண்டு முறையும் நான் பேலன்ஸ் செய்தது டயரையும் பனிக்கட்டியையும் சேர்த்து. பனிக்கட்டி வெயில் பட்டு உருகியதும் நான் வைத்த ஈயக்கட்டியே அதிர்வைக் கொடுத்திருக்கிறது.

கணக்கு இப்படி. உங்கள் டயர் அளவுக்கு விட்டம் சுமார் 80 சென்டிமீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 11 முறை சுற்றும். ரிம்மின் உள்விளிம்பில் வெறும் 100 கிராம் பனி ஒட்டியிருந்தால், அந்த வேகத்தில் அது ஏறக்குறைய 11 கிலோ எடை தொங்கினால் எப்படி இழுக்குமோ அப்படிச் சக்கரத்தை வெளியே இழுக்கும். நொடிக்கு 11 முறை, மேலே கீழே. வேகம் பாதியானால் இழுப்பு கால்வாசியாகிவிடும். அதனால்தான் ஊருக்குள் தெரியாது, 95-ல் தெரியும். திறந்தவெளியில் இரண்டு வாரம் காற்று அடித்த பக்கத்தில் தூள்பனி ரிம்முக்குள் புகுந்து கெட்டித்திருக்கும். அதற்கு முன் சேற்றுப்பனியில் ஓட்டி அப்படியே நிறுத்தியிருந்தால் அது இன்னும் மோசம், கல் மாதிரி இறுகிவிடும்.

சோதிக்கும் வழி எளிது. டார்ச் அடித்து, ரிம்மின் வெளிப்பக்கம் மட்டுமல்ல, வண்டிக்கு அடியில் குனிந்து உள்பக்கத்தையும் பாருங்கள். சூடுள்ள நிலத்தடிப் பார்க்கிங் எதிலாவது சில மணி நேரம் நிறுத்துங்கள். கார் வாஷ் என்றால் வெந்நீர் உள்ள இடமாகப் பாருங்கள். வெளியே வந்ததும் பிரேக்கை நாலைந்து முறை மெதுவாக மிதித்து ஈரத்தைக் காயவிடுங்கள், இல்லையென்றால் பிரேக்கே உறைந்துகொள்ளும். ஸ்க்ரூடிரைவரால் குத்தி எடுக்க வேண்டாம். ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பேலன்ஸ் எடைக்கட்டியும் பனியோடு பெயர்ந்து வரும். பிறகு அதே ஹைவேயில் 100-ல் போய்ப் பாருங்கள். நடுக்கம் போயிருந்தால் செலவு ஒரு வாஷ் காசு.

போகவில்லையா? அப்போது நடுக்கத்தின் குணத்தைக் கேளுங்கள். சக்கரத்திலிருந்து வருவது நொடிக்கு 11 என்றேனே, அது உதறல், எண்ணிவிடலாம் போலிருக்கும். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலிருந்து வந்தால், பின் ஆக்சிலின் விகிதம் 3.73 (சக்கரம் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 3.73 சுற்று) என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 41; எண்ண முடியாத முனகல், உள் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கலாகத் தெரியும். காய்ந்த, நேரான சாலையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். நடுக்கம் மாறாமல் இருந்தால் சக்கரம். மிதிக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று என்று மாறினால் ஷாஃப்டின் மூட்டான கிராஸையும், இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். பனி பேய்ந்த தரையில் இந்தச் சோதனை வேண்டாம். இன்னொன்று: வண்டி நன்றாகச் சூடேறிய பிறகுதான் தொடங்கி, லேசாக மிதித்திருக்கும்போது மட்டும் சாலையோர வரிப்பள்ளத்தில் ஓடுவது போல உதறினால், டயரை மறந்துவிட்டு இன்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்டரைக் கவனியுங்கள். குளிரில் தொடங்கிச் சூட்டில் மறைவது டயர், சூட்டில் தொடங்குவது கன்வெர்டர் என்பது என் கைக்கணக்கு, பெரும்பாலும் பொய்த்ததில்லை. பதினான்கு நாள் ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் ஒரு பக்கம் உறைந்து பிடித்திருக்கவும் கூடும். ஓட்டி நிறுத்தியதும் சக்கரங்களின் அருகே கையை நீட்டினால், ஒன்று மட்டும் அடுப்பு மாதிரி காயும்.

கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் போகும் முறை முக்கியம். 30 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு, நேரம் குறித்து வைத்து, போனதும் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். வாசலில் மூன்று மணி நேரம் நின்றால் டயர் மறுபடி தட்டையாகும். அந்தக் குளிர்ந்த டயரைப் பார்த்துவிட்டுத்தான் "போச்சு" என்பார்கள். உங்களுக்கு நடந்தது இதுவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். சக்கரத்தைக் கழற்றும்போது ஹப் முகத்தின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். குளிர்கால ரிம் வெளியில் வாங்கியது என்றால் அதன் நடுத்துளை ஹப்பில் இறுகப் பொருந்துகிறதா, இடைவெளியை நிரப்பும் வளையம் தேவையா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண பேலன்ஸ் மெஷின் எடையை மட்டும் பார்க்கும். டயர்மேல் உருளையை அழுத்திச் சுற்றவிடும் மெஷின் இருக்கும் கடை கிடைத்தால் டயர் எங்கே கெட்டி, எங்கே தட்டை என்பதும் தெரிந்துவிடும். அதற்கும் காசு செலவழிக்க மனமில்லையென்றால் பின்சக்கரங்களை முன்னே போட்டு ஓட்டுங்கள். நடுக்கம் சீட்டிலிருந்து ஸ்டீயரிங்குக்கு மாறினால் குற்றவாளி அந்த இரண்டில் ஒன்று.

டயரை மாற்றியே ஆக வேண்டிய இடமும் உண்டு. பிரேக் பூட்டிச் சறுக்கி, ஒரே இடத்தில் ட்ரெட் தேய்ந்திருந்தால் அது ஓடி ஓடிச் சரியாகாது. பக்கச்சுவரிலோ ட்ரெட்டிலோ புடைப்பு இருந்து, ஊருக்குள் மெதுவாகப் போகும்போதே வண்டி அலைந்து, அது நாளுக்கு நாள் கூடினால் உள்ளே பெல்ட் பிரிகிறது; அன்றைக்கே ஸ்டெப்னியை மாட்டுங்கள். வாங்கி இரண்டு வருடம் என்கிறீர்கள், தயாரித்தது எப்போது? பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் வரிசையின் கடைசி நாலு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்.

அடுத்த ஷிஃப்டுக்குப் போகும்போது, ஹைவேயிலிருந்து இறங்கிய சூட்டோடு நேராகக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். கடைசி ஐந்தாறு கிலோமீட்டரை ஊர்ச்சாலையில் மெதுவாக ஓட்டி, டயரை ஆறவிட்டு நிறுத்துங்கள். பிடிப்புக்காகப் பின்தொட்டியில் மணல் மூட்டை போட்டிருந்தால் இறக்கி வையுங்கள்; பின் டயர்தான் அந்தச் சுமையை இரண்டு வாரம் சுமக்கிறது. சமதரையில் 'பி'-யில் போட்டால் போதும், ஹேண்ட் பிரேக் வேண்டாம். காற்றை வெளிக்குளிரிலேயே, வண்டி ஓடாமல் நின்றபின், கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குப் பிடியுங்கள். கூட ஐந்து பவுண்டு அடித்தால் நல்லது என்று சிலர் சொல்வார்கள். பக்கச்சுவரில் உச்ச அளவு 44 என்றிருந்தால் நான் அதைச் செய்ய மாட்டேன். மைனஸ் 30-ல் பிடித்த 35, வானிலை திரும்பி 5 டிகிரி வந்தால் 42 ஆகிவிடும். நீங்கள் 40 பிடித்திருந்தால் 48.

நட்டும் பனியும் பார்த்த பிறகும் நடுக்கம் இருந்தால் மறுபடி எழுதுங்கள். 'தொம் தொம்' எந்தக் கிலோமீட்டரில் நின்றது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தபோது சீட் நடுக்கம் மாறியதா, இரண்டும் வேண்டும். புது டயருக்கு அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.