சிறு கப்பலில் பழைய கிரேக்கம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கிரேக்கக் கடலில் ஓடும் சிறிய பயணிகள் கப்பல்களில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். கரைப் பயணங்களை ஒழுங்கு செய்வது என் பொறுப்பு: எத்தனை மணிக்கு இறங்குவது, பஸ் எங்கே நிற்கும், யாரால் மலையேற முடியும், யாரை நிழலில் உட்கார வைக்க வேண்டும் என்பதெல்லாம். வேலையை விட்ட பிறகு இரண்டு முறை டிக்கெட் எடுத்துப் பயணியாகவும் போய் வந்தேன். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பெரிய கப்பலில் பாதி விலைக்கே இடம் கிடைக்கிறதே. சிறு கப்பலுக்கு எதற்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? (சென்னை வாசகர்)

நீச்சல் குளம், நாடகம், இரவு விருந்து இவைதான் முக்கியம் என்றால் பெரிய கப்பலே நல்லது. அதில் தப்பே இல்லை. பழைய இடங்களைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. மூவாயிரம் பேர் இறங்கும் கப்பலில் காலை நேரம் பஸ் வரிசையிலேயே போய்விடும். எண்பது பேர் உள்ள கப்பலுக்கு இரண்டு பஸ் போதும். வாசல் திறக்கும்போதே நீங்கள் அங்கே நிற்கலாம்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரியது. பழைய கிரேக்கர்கள் இந்த இடங்களுக்குப் பெரும்பாலும் கடல் வழியாகத்தான் வந்தார்கள். டெல்பிக்குக் குறி கேட்கப் போனவர்கள் கீர்ரா துறையில் இறங்கி மலையேறினார்கள். இன்று சிறு கப்பல்கள் நிற்கும் இதேயா அதற்குப் பக்கத்து ஊர். அங்கிருந்து பஸ் ஏறினால் முதலில் ஆலிவ் தோப்பு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாம்பல் பச்சை. பிறகு வளைவு வளைவாக ஏற்றம். அரை மணி நேரத்தில் பர்னாசஸ் மலைச் சரிவில் கோயில் தெரியும். ஏதென்ஸிலிருந்து நெடுஞ்சாலையில் வருகிறவர்களுக்கு இந்த ஏற்றம் கிடைக்காது.

ஆனால் ஒன்று. கப்பல் சிறியது என்பதற்காக மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள். ஏழு நாளில் பத்து இடம் என்று போட்டிருந்தால், ஒவ்வொரு இடத்திலும் தரையில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். ஒன்றரை மணி நேரம் என்று பதில் வந்தால் அந்தப் பயணம் வேண்டாம். ஐந்து இடம், ஒவ்வொன்றிலும் மூன்று மணி நேரம் என்று இருப்பதைத்தான் நான் எடுப்பேன்.

கொரிந்த் கால்வாய் வழியாகப் போகும் என்று விளம்பரத்தில் இருக்கிறது. நிச்சயம் போகுமா? (சேலம்)

நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது. 2021-ல் மண் சரிந்து கால்வாயை மூடினார்கள். அதற்குப் பிறகு பழுது பார்ப்பதும், சில மாதம் திறப்பதும், மறுபடி மூடுவதுமாக இருந்திருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் உங்கள் தேதியில் திறந்திருக்குமா, இல்லாவிட்டால் எந்த வழி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூடியிருந்தால் கிரேக்கத்தின் தெற்குத் தீபகற்பமான பெலோபொனீஸைச் சுற்றித்தான் போக வேண்டும். கிட்டத்தட்ட 700 கி.மீ. கூடுதல்.

திறந்திருந்தால் அந்த நேரத்தில் அறைக்குள் இருக்காதீர்கள். கால்வாயின் நீளம் ஆறு கி.மீ.க்குச் சற்று மேல், அடித்தளத்தில் அகலம் 21 மீட்டர், இரண்டு பக்கமும் உயரமான இடத்தில் 80 மீட்டர் வரை செங்குத்துச் சுவர். இழுவைப் படகு முன்னால் கட்டி இழுக்கும். கப்பல் நடந்து போகிற வேகத்தில்தான் நகரும். சுவரில் மஞ்சளும் வெள்ளையுமாக மண் அடுக்குகள், வெடிப்புகளில் செடிகள். கையை நீட்டினால் எட்டிவிடும் போலத் தோன்றும். எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எட்டு வருடமும் இதைப் பார்த்தேன்.

கி.பி. 67-ல் ரோமப் பேரரசன் நீரோ இங்கே வெட்டத் தொடங்கினான், முடியவில்லை. வேலை முடிந்து கப்பல் ஓடியது 1893-ல். அதற்கெல்லாம் முன்பே, கி.மு. 600 வாக்கில், கல் பாவிய ஒரு பாதை போட்டுச் சரக்கையும் சில சமயம் கப்பலையுமே நிலத்தில் இழுத்து மறுபக்கம் கொண்டு போனார்கள். டியோல்கோஸ் என்று பெயர். மேற்கு முனையில் அதன் மிச்சம் இருக்கிறது.

அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா அண்ணா? (மதுரை)

தாராளமாகக் கூட்டிப் போங்கம்மா, ஆனால் இடம் பார்த்து. பழைய ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஒலிம்பியா சமதளம், மரநிழலும் உண்டு, அம்மா மெதுவாக நடந்து பார்க்கலாம். டெல்பி முழுக்க ஏற்றம். அங்கே அம்மாவை அருங்காட்சியகத்தில் விட்டுவிட்டு நீங்கள் மேலே போய் வாருங்கள். அதனால் அவருக்கு இழப்பு ஒன்றும் இல்லை, டெல்பியின் மிகச் சிறந்த பொருட்கள் உள்ளேதான் இருக்கின்றன. ஏதென்ஸின் கோயில் குன்றான அக்ரோபோலிஸில் நடக்க முடியாதவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது. முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அங்கே பளிங்குக் கல் தேய்ந்து வழுக்கும். புதுச் செருப்பு வேண்டாம், நன்றாகப் பிடிக்கும் பழைய ஷூ போதும். கப்பலில் லிஃப்ட் உண்டா என்றும் கேளுங்கள், பல சிறு கப்பல்களில் கிடையாது.

நம் ஊரில் முழுக் கோபுரங்களையும் நடக்கும் பூஜையையும் பார்த்துப் பழகிவிட்டோம். அங்கே எல்லாம் உடைந்த தூண்தானே? என்ன பார்ப்பது? (திருநெல்வேலி)

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. கப்பலில் இருந்தபோதும் இதைத்தான் அதிகம் கேட்டார்கள். நான் சொல்வது இது: பெரியதைத் தேடாதீர்கள், சிறியதிலிருந்து தொடங்குங்கள்.

ஒலிம்பியாவில் கிரேக்கத் தெய்வங்களின் தலைவன் ஜீயஸின் கோயிலுக்குள் தங்கமும் தந்தமும் இழைத்த சிலை இருந்தது. உயரம் ஏறக்குறைய 12 மீட்டர், உலக அதிசயங்களில் ஒன்று. செய்தவர் ஃபைடியாஸ். சிலை மொத்தமாக அழிந்துவிட்டது. ஆனால் அவர் வேலை செய்த பட்டறையின் சுவர் நிற்கிறது, பின்னாளில் அதைத் தேவாலயமாக மாற்றியதால் தப்பியது. 1950-களில் அங்கே தோண்டியபோது, சிலையின் ஆடை மடிப்புக்கான களிமண் அச்சுகள் கிடைத்தன. கூடவே ஒரு சின்னக் கறுப்புக் குவளை. அதன் அடியில் கீறியிருக்கிறது: ‘நான் ஃபைடியாஸுடையது’. அருங்காட்சியகத்தில் அந்தக் குவளையைப் பார்த்துவிட்டுக் கோயில் பக்கம் வாருங்கள். விழுந்து கிடக்கும் தூண் உருளைகள் வேறு மாதிரி தெரியும்.

டெல்பியில் அப்போலோ என்ற தெய்வத்தின் கோயிலுக்குக் கீழே ஒரு தாங்கு சுவர் இருக்கிறது. கற்கள் சதுரமாக இல்லாமல் பல கோணங்களில், புதிர்த் துண்டுகள் போல ஒன்றோடு ஒன்று பொருந்தியிருக்கும். எல்லாரும் அதைத் தாண்டி மேலே ஓடுவார்கள். நின்று, வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். சுவர் முழுக்கப் பொடி எழுத்து. நூற்றுக்கணக்கான அடிமைகளின் விடுதலைப் பத்திரங்கள். அடிமையை இன்ன விலைக்கு அப்போலோவுக்கு விற்றதாக எழுதுவார்கள். தெய்வத்துக்கு விற்றுவிட்டால் இனி எந்த மனிதனும் அவருக்கு எஜமான் இல்லை. யார் விற்றார், பெயர் என்ன, விலை என்ன, சாட்சி யார், எல்லாம் கல்லில் இருக்கிறது. கோயில் சுவரில் கல்வெட்டு படித்துப் பழகியவர்களுக்கு அந்தச் சுவரை விளக்கவே வேண்டாம்.

அப்புறம், அதே டெல்பியின் அருங்காட்சியகத்தில் வெண்கலத் தேரோட்டி சிலை. கி.மு. 470-களில் வார்த்தது, 1896-ல் கிடைத்தது. கண்ணிமை மயிர்கள் செம்பில் தனித்தனியாகச் செய்து வைத்தவை. கீழே குனிந்து பாதத்தைப் பாருங்கள். நரம்பு புடைத்திருப்பதுகூடத் தெரியும். அந்தக் காலத்தில் இந்தப் பாதம் தேர்த்தட்டுக்குள் மறைந்திருந்தது, கீழே நின்றவர்கள் யாரும் பார்த்திருக்க முடியாது. யாரும் பார்க்காத பாதத்துக்கும் அத்தனை உழைப்பு.

டெலோஸ் தீவுக்கு அரை நாள்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். போதுமா? (கொழும்பு)

அரை நாள் கிடைத்ததே நல்ல விஷயம் ஐயா, பலர் இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். பெரிய கப்பலில் வருகிறவர்கள் மிக்கோனோஸில் இறங்கி அரை மணி நேரப் படகில் வர வேண்டும். சில சிறு கப்பல்கள் தீவுக்கு அருகிலேயே நங்கூரமிட்டு, தங்கள் படகிலேயே இறக்கிவிடும்.

அப்போலோ பிறந்த இடம் என்று நம்பிய தீவு இது. கி.மு. 426-ல் ஏதென்ஸ்காரர்கள் இங்கிருந்த கல்லறைகளை எல்லாம் தோண்டி எதிரே உள்ள ரெனேயா தீவுக்கு மாற்றினார்கள். இனி இங்கே யாரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது என்று சட்டம் போட்டார்கள். நிறைமாதக் கர்ப்பிணிகளையும் சாகக் கிடப்பவர்களையும் படகில் ஏற்றிவிடுவார்கள். அவ்வளவு புனிதமான தீவை கி.மு. 166-ல் ரோம் வரியில்லாத் துறைமுகமாக்கியது. ஒரே நாளில் பத்தாயிரம் அடிமைகள் கைமாறக்கூடிய சந்தையாகிவிட்டது என்று பழைய புவியியல் எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். கி.மு. 88-ல் படையெடுப்பு, பிறகு கடற்கொள்ளை. அத்துடன் ஊர் எழவே இல்லை. இன்றும் பயணிகள் இரவு தங்க முடியாது.

வரிசையாக நிற்கும் கல் சிங்கங்களைப் படம் எடுத்ததும் திரும்பிவிடாதீர்கள். வெளியே நிற்பவை நகல்கள்தான். குடியிருப்புத் தெருவுக்குள் போங்கள். ‘கிளியோபாட்ராவின் வீடு’ என்று ஒன்று, எகிப்து ராணி அல்ல, ஏதென்ஸிலிருந்து வந்து குடியேறிய பெண். தானும் கணவன் டியோஸ்குரிடீஸும் நிற்கும் சிலைகளை வாசலுக்கு நேரே வைத்திருக்கிறாள். கணவன் கோயிலுக்கு இரண்டு வெள்ளி முக்காலிகள் கொடுத்ததைக் கீழே பொறித்திருக்கிறாள். தலைகள் போய்விட்டன, அவள் போர்வையின் மடிப்புகள் அப்படியே இருக்கின்றன. நேரம் இருந்தால் கிந்தோஸ் குன்று ஏறுங்கள், 112 மீட்டர்தான். மேலிருந்து பார்த்தால் மற்றத் தீவுகள் சுற்றி வளைத்து நிற்கும். இந்தத் தீவுக் கூட்டத்துக்கு கிக்லடீஸ் என்று, அதாவது வட்டம் என்று, ஏன் பெயர் வந்தது என்பது அங்கே புரியும்.

தீவில் நிழல் கிடையாது. ஒரு ஜூலை மாதம் என் குழுவில் ஒருவர் மயங்கி விழுந்தார். தொப்பி போட்டிருந்தார், தண்ணீர்தான் கொண்டுவரவில்லை. அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில் கையில் இல்லாமல் யாரையும் படகில் ஏற்றியதில்லை.

எந்த மாதம் போகலாம்? எனக்கு வாந்தி மயக்கம் வேறு. (ஈரோடு)

ஏப்ரல் கடைசியும் மே மாதமும், இல்லையென்றால் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை. ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று வீசும். வானம் பளிச்சென்று இருக்கும், கடல் மட்டும் கொந்தளிக்கும். டெலோஸுக்குப் படகு விடமாட்டார்கள். வெயில் மிஞ்சினால் அக்ரோபோலிஸையே மதியம் மூடிவிடுகிறார்கள். மயக்கம் வருகிறவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் அறை கேளுங்கள். கொரிந்த் வளைகுடாவும் நாப்பிலியோ பக்கமும் பெரும்பாலும் அமைதி. திறந்த ஏஜியன் கடல்தான் ஆட்டும்.

விசா? (துபாய்)

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா. கப்பல் நடுவில் எபேசஸ் பார்க்கத் துருக்கிக்குப் போய்த் திரும்புகிறது என்றால் பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் வந்து சிக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். துருக்கிக்கான அனுமதியைத் தனியாகக் கேளுங்கள்.

சுத்த சைவம். பட்டினிதானா? (கும்பகோணம்)

இல்லவே இல்லை. கிரேக்கத் திருச்சபையில் நோன்பு நாட்கள் மிக அதிகம், அதனால் இறைச்சியில்லாச் சமையல் வீட்டுக்கு வீடு உண்டு. ‘நிஸ்டீசிமா’ என்று கேளுங்கள், நோன்புச் சாப்பாடு என்று அர்த்தம். கணவாய், இறால் அதில் சேரும், அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாண்டொரினியில் ஃபாவா என்று ஒன்று கிடைக்கும்: மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, மேலே வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும். அதே வகைப் பயறு, எரிமலைச் சாம்பலில் புதைந்த அக்ரோதீரி ஊரின் ஜாடிகளுக்குள் கிடைத்திருக்கிறது. சுமார் 3,600 வருடப் பழசு. காலையில் அக்ரோதீரியின் தெருக்களையும் மாடி வீடுகளையும் பார்த்துவிட்டு மதியம் அதைச் சாப்பிடுங்கள்.

அரிக்கமேட்டுக்கும் இந்தத் தீவுகளுக்கும் நேரடித் தொடர்பு ஏதாவது? (புதுச்சேரி)

இருக்கிறது. உங்கள் ஊர் அரிக்கமேட்டில் கிடைத்த மது ஜாடிகளில் கோஸ் தீவின் பாணியில் செய்தவை கணிசம். கைப்பிடி இரட்டைக் கயிறு போல இருக்கும், அதுதான் அடையாளம். கோஸ் போனால் எல்லாரும் ஹிப்போகிரட்டீஸ் பெயரைச் சொல்லி மருத்துவக் கோயிலுக்கு அழைத்துப் போவார்கள். அது அவசியம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்த இரட்டைக் கைப்பிடி எங்கே கண்ணில் பட்டாலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த தேறலைப் பற்றிப் புறநானூறு பேசுகிறது. யவனர் என்ற சொல்லே எபேசஸ் இருக்கும் அயோனியாக் கரையின் பெயரிலிருந்து வந்ததுதான்.

கப்பலுக்குப் பணம் இல்லை. ஆசை மட்டும் இருக்கிறது. (தஞ்சாவூர் மாணவர்)

தம்பி, கப்பல் இல்லாமலும் போகலாம். ஏதென்ஸிலிருந்து டெல்பிக்குக் கேடெல் என்ற வெளியூர் பஸ் உண்டு, மூன்று மணி நேரம். நாப்பிலியோவில் தங்கினால் பழைய இடங்களான மைசீனியும் எபிடாரஸும் பக்கம். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து மிக்கோனோஸுக்குச் சாதாரணப் பயணிகள் கப்பல், அங்கிருந்து டெலோஸ் படகு. கடல் வழியாக வந்து இறங்குகிற அனுபவம் அதிலேயே கிடைத்துவிடும்.

பத்து வயது மகளுக்குச் சலிப்பாக இருக்குமோ? (சிங்கப்பூர்)

எபிடாரஸ் அரங்கில் அவளை 55-ஆவது வரிசைக்கு ஏறச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே நடுக்கல்லில் ஒரு காசைப் போடுங்கள். மேலே கேட்டதா என்று அவளே சொல்வாள். கிசுகிசுத்தாலும் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்கும் என்று சில வழிகாட்டிகள் சொல்வது கொஞ்சம் மிகை.

ஒலிம்பியாவில் வளைவு வாசல் வழியாக மைதானத்துக்குள் போனால், தரையில் புறப்பாட்டுக் கல் பதித்திருக்கும். கால்விரலைப் பதிக்க இரண்டு கோடுகள் வெட்டிய அதே பழைய கல். அவளை அங்கே நிற்க வையுங்கள். மறுமுனை 192 மீட்டர். எத்தனையோ பிள்ளைகள் ஓடிப் பார்த்திருக்கிறேன், பெரியவர்களும் ஓடுவார்கள். மைதானத்துக்குள் கடை எதுவும் இல்லை, ஓடி முடித்ததும் தண்ணீர் கேட்பாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு மறுமுனையில் போய் நின்றுகொள்ளுங்கள்.