காலேஜ் வைஃபைல ராஸ்பெர்ரி பை டெமோ - பதில்

உங்க ராஸ்பெர்ரி பைல (குட்டி கம்ப்யூட்டர்) ஓடுற, வீட்ல லேப்டாப்ல இருந்து ஓப்பன் ஆகுற ஜெல்லிஃபின் (நம்ம படங்கள மத்த டிவைஸ்ல பாக்க வைக்கிற சாஃப்ட்வேர்), மாசாந்திர லினக்ஸ் மீட்டிங்ல காலேஜ் வைஃபைல மட்டும் வரலன்னு கேட்டிருக்கீங்க, உங்க பைல தப்பு இருக்காதுன்னு நினைக்கிறேன் நண்பா. அந்த மாதிரி வைஃபைல பெரும்பாலும் ஒரு டிவைஸ் இன்னொன்ன பாக்க முடியாதபடி ஐசோலேஷன் போட்டிருப்பாங்க, அதோட லாகின் பேஜ் வேற வரும், மானிட்டர் இல்லாத பை அத எப்படி தாண்டும்?

பழைய ரவுட்டர் ஒன்னு எடுத்துட்டு போங்க, வீட்டு வைஃபையோட அதே பேரு, அதே பாஸ்வேர்டு, அதே செக்யூரிட்டி டைப் வெச்சிட்டா பை தானாவே கனெக்ட் ஆயிடும், லேப்டாப்பயும் அதுலயே சேருங்க. படம் ஓட்ட இன்டர்நெட் தேவையே இல்ல. பைக்கு ஸ்டாட்டிக் ஐபி (மாறாத நெட்வொர்க் முகவரி) குடுத்திருந்தா ரவுட்டர்லயும் அதே ஐபி ரேஞ்ச் வைங்க.

பை 4ன்னா 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் கண்டிப்பா வேணும், கைல கிடைச்ச ஃபோன் சார்ஜர் வேணாம். அடுத்த மீட்டிங்ல தைரியமா காட்டுங்க, இந்த மாதிரி ப்ராஜெக்ட பாக்கத்தான் எல்லாரும் வர்றாங்க!