பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் பாட்டியின் தம்பி ஏழுமலை இருபது வயதில் பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூர் போனார். 1942-க்குப் பிறகு கடிதம் இல்லை. இறந்ததாகத் தகவல் மட்டும் வந்ததாம். வீட்டில் இருப்பது கறுத்துப்போன ஒரு நட்சத்திர மெடல்தான். இணையத்தில் பெயரைத் தேடினால் எது எங்கள் தாத்தா என்றே தெரியவில்லை. என்ன செய்வது? – வாசகி, ஆரணி

பெயரைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு மெடலைத் திருப்பிப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்களுக்குத் தரப்பட்ட மெடல்களில் பெரும்பாலும் படை எண், பதவி, பெயர், பிரிவு நான்கையும் பொறித்திருப்பார்கள். நட்சத்திர மெடலில் பின்பக்கம் இருக்கும், வட்ட மெடலில் விளிம்பைச் சுற்றி இருக்கும். எழுத்து தேய்ந்திருந்தால் அறையை இருட்டாக்கி, டார்ச்சை மெடலுக்குப் பக்கவாட்டில், மேசையை ஒட்டினாற்போல் பிடியுங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்வாக விழும்போது பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும். புளி, விபூதி, பிராசோ எதுவும் வேண்டாம். பளபளப்போடு சேர்த்து எண்ணையும் தேய்த்துவிடுவீர்கள். அந்த எண் போனால் தேடலில் பாதி போன மாதிரி.

முன்பக்கத்தில் எந்த நட்சத்திரம் என்று எழுதியிருக்கும். பசிபிக் ஸ்டார் என்றால் சிங்கப்பூர், மலாயா பக்கம். பர்மா ஸ்டார் என்றால் தேடும் இடமே வேறு. ‘1939–45 ஸ்டார்’ மட்டும் இருந்தால் அதை வைத்து இடம் சொல்ல முடியாது.

அடுத்து, இரண்டு உலகப் போர்களில் இறந்தவர்களின் கல்லறைகளையும் பெயர்ப் பட்டியலையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் (CWGC) இணையத்தளம். தேடக் கட்டணமில்லை. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்கள் இரண்டாம் போர்ப் பட்டியலில் வருவார்கள். படை எண் கிடைத்திருந்தால் அதை மட்டும் போடுங்கள். பெயரைக் காலியாக விடுங்கள். எண் கிடைக்காவிட்டால்தான் பெயர். அங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுவது. நம்மவர்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது என்பதால் இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் ஏற்றியிருப்பார்கள். எழுத்துக்கூட்டல் அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடி. ஏழுமலை ஆங்கில ‘இ’யில் (E) இல்லையென்றால் ‘ஒய்’யில் (Y) தொடங்கிப் பாருங்கள். ‘ழ’வுக்கு ‘எல்’தான் போட்டிருப்பார்கள், ‘இசட் எச்’ அல்ல. சாமி என்று முடியும் பெயர்களில் ‘டபிள்யூ’ சேர்த்தும் சேர்க்காமலும், கடைசியில் ‘ஐ’, ‘ஒய்’ இரண்டையும் மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். ‘இந்தியப் படைகள்’ என்று வடிகட்டினால் கூட்டம் குறையும். பல பதிவுகளில் ‘இன்னாரின் மகன், இன்ன ஊர்’ என்ற குறிப்பு உண்டு. தகப்பன் பெயரும் ஊரும் பொருந்தினால்தான் அவர் உங்கள் தாத்தா. ஆரணி என்று இல்லாமல் கிராமத்தின் பெயர் இருக்கலாம், அன்றைய வட ஆற்காடு ஜில்லா என்று மட்டும்கூட இருக்கலாம்.

நாடு என்ற கட்டத்தில் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்துப் பூட்டிவிடாதீர்கள். அங்கே பிடிபட்ட இந்தியக் கைதிகளில் பலரை ஜப்பானியர் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள நியூ பிரிட்டன், நியூ கினி தீவுகள் வரை கொண்டுபோனார்கள். நியூ பிரிட்டனில் ரபால் நகருக்கு அருகே உள்ள பிட்டா பாக்கா கல்லறையிலும் நம் ஆட்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: என் பெரியப்பாவின் பெயர் சிங்கப்பூர் நினைவகத்தில் இருப்பதாகப் பதிவு கிடைத்தது. அப்படியென்றால் உடல் அங்கே இருக்கிறதா? போய் விளக்கேற்றலாமா? – வாசகர், திருப்பத்தூர்

இல்லை. சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள அந்த நினைவகத்தின் சுவர்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன, அத்தனையும் கல்லறை தெரியாதவர்களின் பெயர்கள். தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கியச் சிப்பாய்களுக்கு அதே வளாகத்தில் தனி நினைவுச் சின்னம் உண்டு. உங்கள் பதிவில் ‘தகனம்’ என்ற சொல் இல்லையென்றால் சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

பதிவில் ‘காலம்’ (column, சுவரில் பெயர் இருக்கும் பத்தி) என்று ஓர் எண் கொடுத்திருப்பார்கள். அதைக் குறித்துக்கொள்ளாமல் போனால் வெயிலில் அரைநாள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பெயர்கள் படைப்பிரிவு வாரியாக, அதற்குள் பதவி வாரியாக இருக்கும். கிராஞ்சி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பூ வைக்கலாம். எண்ணெய் விளக்கு, சந்தனம், குங்குமம் கல்லில் படவே கூடாது. எண்ணெய் கல்லுக்குள் இறங்கினால் கறை போகாது, பக்கத்தில் இருக்கும் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் பெயரும் கெடும்.

கேள்வி: எங்கள் சித்தப்பா இறந்த தேதி 15.2.1942 என்று ஆவணத்தில் இருக்கிறது. எந்தத் திதியில் கொடுப்பது? – வாசகர், கும்பகோணம்

அன்று ஞாயிற்றுக்கிழமை, விஷு வருடம், மாசி அமாவாசை. சீனப் புத்தாண்டும் அன்றுதான். சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்ததும் அன்றுதான், சிக்கலும் அதில்தான் இருக்கிறது. காணாமல் போனவர்கள் பலருக்குச் சரணடைந்த அந்த நாளையே இறந்த தேதியாக எழுதிவிட்டார்கள். அதனால் அது உண்மையான நாளாகவும் இருக்கலாம், ஒப்புக்கு எழுதிய நாளாகவும் இருக்கலாம். நாள் உறுதியில்லாதவர்களுக்கு மகாளய பட்சம் இருக்கவே இருக்கிறது. ஆயுதத்தால் இறந்தவர்களுக்கென்று அமாவாசைக்கு முந்தைய சதுர்த்தசியைச் சொல்வார்கள். ஆனால் சண்டையிலா, சிறை முகாமில் நோயிலா என்பது ஆணையத்தின் பதிவில் இராது. எங்கள் யோசனை: மாசி அமாவாசையை வைத்துக்கொள்ளுங்கள், மகாளய அமாவாசையையும் விடாதீர்கள். உங்கள் வாத்தியார் வேறு சொன்னால் அவர் சொல்வதே சரி.

கேள்வி: சீருடையில் இருக்கும் மாமாவின் ஒரே படம் பிரேமின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்தெடுக்கலாமா? – வாசகி, மதுரை

பிரிக்காதீர்கள். முகம் கண்ணாடியோடு வந்துவிடும். மாலையின் ஈரம் சட்டத்தின் இடுக்கு வழியாக இறங்கித்தான் இப்படி ஆகிறது. கண்ணாடியை வெளிப்பக்கம் துடைத்துவிட்டு, அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து 600 டிபிஐயில் எடுங்கள். தோள்பட்டைப் பட்டை, தொப்பி வில்லை இரண்டையும் தனியாகப் பெரிதாக்கி எடுத்துவையுங்கள். படைப்பிரிவை அடையாளம் காண அவை உதவும். பொட்டு வைத்து மாலை போடப் பிரதி போதும். அசலை உலர்ந்த காகித உறையில் போட்டு பீரோவில் வையுங்கள்.

கேள்வி: 1971 போரில் இறந்த அண்ணனின் பெயரை அந்த ஆணையத்தின் தளத்தில் காணோமே? – வாசகர், தூத்துக்குடி

இருக்காது, அவர்கள் கணக்கு 1947-இல் முடிகிறது. புதுதில்லி தேசியப் போர் நினைவகத்தில், ‘தியாக சக்கரம்’ என்ற வளையத்தின் கிரானைட் கற்களில் தேடுங்கள். படை எண்ணும் பிரிவும் தெரியாவிட்டால், பென்ஷன் புத்தகத்தோடு முதலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள்.